செங்கல் சுவரில் ஒரு பள்ளம்

“உனக்கென்னடா, வந்து சாப்பிட்டுட்டு நியாயம் பேசிட்டுப் போயிடுவ. பீரோவைத் திறந்தா என் துணிக்கு இடமில்ல. மேல் தட்டு பூரா லென்ஸ், கீழ் தட்டு பூரா அந்த ஈரம் உறிஞ்சுற பொட்டலம். நேத்து ஒண்ணு கிழிஞ்சு என் நல்ல துணி மடிப்பெல்லாம் உருண்டை உருண்டையாக் கொட்டிக் கிடக்கு.”

“அக்கா, மாமா குடிக்கிறாரா? சீட்டாடுறாரா? ஒரு லென்ஸுக்கு இவ்வளவு பேச்சா?”

“லென்ஸைச் சொல்லலடா நான். கண்ட்ரோல் ரூம் வேலை தானா வந்துச்சு. பகல்ல போயி உக்காந்து பாக்குற வேலை. வேணாம்னுட்டாரு. ஏன்னு கேளு. காலைல போயி பறவை பிடிக்க முடியாதாம்!”

“படம் பிடிக்க.”

“ஏதோ ஒண்ணு. இப்ப அந்தச் சோடாபுட்டி அங்க ஜம்முனு உக்காந்திருக்கான். இவரு ராத்திரி பூரா கிரேன்ல தொங்கிட்டு, விடிஞ்சதும் குளத்தங்கரைக்கு ஓடுறாரு. தூங்குறதே கிடையாது. மனுஷன் மூஞ்சியப் பாத்தியா?”

“மாமா கைக்கு யார்டுல ஈடு கிடையாதுக்கா. பெட்டியப் பூ வைக்கிற மாதிரி வைப்பாரு. அவருக்குக் கீழ நிக்கிறதுக்கு ஆளுங்க போட்டி போடுறாங்க, தெரியுமா?”

“பூ மாதிரி வைக்கிறவருதான் வீட்ல தண்ணி டம்ளரை மேசை ஓரத்துல வச்சு வச்சு உடைக்கிறாரு. இந்த மாசம் இருந்த கண்ணாடி டம்ளர் எல்லாம் போச்சு.”

நான் வாசலில் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொன்றைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தேன். கையில் பழைய துணியில் சுற்றிய ஒரு லென்ஸ். யாரோ பயன்படுத்தியதை விலைக்கு வாங்கியது. இந்த வருஷத்தில் மூன்றாவது. உள்ளே போனால் அடுத்த சண்டை இந்த மூட்டையைப் பற்றித்தான் என்று தெரிந்ததால் அதை ஷூ வைக்கிற அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, இருமிக்கொண்டே உள்ளே போனேன். மச்சினன் என்னைப் பார்த்து ஒரு கண்ணடித்தான். என் மனைவி தட்டை வைத்த சத்தத்தில் பாதி கோபம் தெரிந்தது.

இந்தக் குழுவில் என் படங்களைப் பார்த்திருப்பவர்களுக்கு என்னைக் கொஞ்சம் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் கன்டெய்னர் என்கிற பெரிய சரக்குப் பெட்டிகளை ஏற்றி இறக்கும் யார்டில் கிரேன் ஓட்டுகிறவன். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதன் தரையும் கண்ணாடிதான். குனிந்து காலுக்கு நடுவே கீழே பார்த்துக்கொண்டே பெட்டியைத் தூக்க வேண்டும், இறக்க வேண்டும். பெட்டியின் மூலைகளில் இரும்பு லாக் மாட்டியிருக்கும். வண்டியில் இறக்குவதற்கு முன் பெட்டியை ஆள் நெஞ்சு உயரத்தில் அந்தரத்தில் நிறுத்துவோம். கீழே நிற்பவன் மூலைக்கு அடியில் கையை விட்டு லாக்கைக் கழற்றுவான். அவன் கையை எடுத்து ஓரமாக நின்ற பிறகு மிச்ச உயரத்தை இறக்குவோம். எனக்குக் கீழே அப்படிக் கை விடுகிறவன் என் மச்சினன்தான். வேறு கிரேனுக்கு மாற்றினாலும் கெஞ்சிக் கூத்தாடி என் கிரேனுக்கே வந்துவிடுவான்.

படம் எடுப்பது என் ஆசை. தானாக ஃபோகஸ் ஆகிற லென்ஸில் எனக்கு மனம் ஒட்டவில்லை. வளையத்தைக் கையால் திருப்பி, மங்கலிலிருந்து ஒரு மீன்கொத்தி மெல்லத் தெளிவாகி வருகிற அந்த நேரம்தான் எனக்குப் பிடிக்கும். அதனால் பழைய கைத் திருப்பு லென்ஸ்களாகத் தேடித் தேடி வாங்கினேன். இரவு முறை முடிந்ததும் நேராகக் குளத்துக்குப் போவேன். வெயில் ஏறும் வரை இருப்பேன். வீட்டுக்கு வந்து பேருக்குக் கொஞ்சம் படுத்து எழுந்து மறுபடி வேலைக்கு. அதற்காகத்தான் இரவு முறையை நானே கேட்டு வாங்கினேன். கண்ட்ரோல் ரூம் வேலையை வேண்டாம் என்றதும் அதற்காகத்தான். மனைவி சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

கொஞ்ச நாளாகப் படம் சரியாக வரவில்லை. எல்லாம் ஒரு நூல் தள்ளி இருந்தது. மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும் கிளை துல்லியம், மீன்கொத்தி மங்கல். இங்கே போட்டேன். “பறவையின் கண்ணில் ஃபோகஸ் இல்லை” என்று நீங்களே சொன்னீர்கள். லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருக்கும் என்றார் ஒருவர். கீழே விழுந்து உள் கண்ணாடி நகர்ந்திருக்கும் என்றார் இன்னொருவர். லென்ஸை மாற்றினேன். அப்படியேதான் இருந்தது. மறுபடி மாற்றினேன். பார்க்கிற துளைக்குப் பக்கத்தில் அவரவர் பார்வைக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ள ஒரு சின்னச் சக்கரம் இருக்குமே, அதையும் திருப்பித் திருப்பி ஒரு கோடிக்குக் கொண்டுபோய்விட்டேன். அதற்கு மேல் அது நகரவில்லை.

கடைசியில் ஒருவர் செங்கல் சுவர் சோதனை செய்து பாருங்கள் என்று எழுதினார். லென்ஸ் கோணலாக இருந்தால் சுவரின் கோடுகள் வளையும், தெரிந்துவிடும் என்றார். நல்ல யோசனையாகப் பட்டது.

யார்டு கேன்டீனின் பின்சுவர் பூசாத செங்கல். சாப்பாட்டு இடைவேளையில் கேமராவை ஸ்டாண்டில் மாட்டி அதற்கு நேராக நின்றேன்.

“என்னண்ணே, செவுத்துக்குப் பொண்ணு பாக்குறாங்களா? போட்டோவெல்லாம் எடுக்குறீங்க?” என்றான் ஒரு டிரெய்லர் ஓட்டுநர்.

“சிரிக்கச் சொல்லுங்க மாமா, செவுரு உம்முனு இருக்கு” என்றான் மச்சினன்.

நான் அவர்களைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துளை வழியே பார்த்தபோது சுவரின் நடுவில் கோடுகள் உள்வாங்கியிருந்தன. மெத்தையில் யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் செங்கலின் நிறமும் வெளுத்திருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு அப்படியொரு சந்தோஷம். ஆனால் எடுத்த படத்தைத் திரையில் பார்த்தால் கோடுகள் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேர். லென்ஸை மாற்றிப் பார்த்தேன். துளையில் பள்ளம், படத்தில் நேர். அப்படியானால் லென்ஸில் கோளாறு இல்லை, கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடியில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். அந்த முடிவில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை.

ரிப்பேர் கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே பெருமூச்சு விட்டார்.

“வாங்க சார். முதல்ல லென்ஸுன்னீங்க. அப்புறம் லென்ஸ் மாட்டுற வளையம்னீங்க. இன்னைக்கு என்ன?”

“உள்ள இருக்கிற கண்ணாடி வளைஞ்சிருக்கு. பாருங்க.”

அவர் கேமராவை வாங்கி எதிர்க் கடையின் இரும்பு ஷட்டரைப் பார்த்தார். அது மூடியிருந்தது, குறுக்கே வரி வரியாக. “நேராத்தான் சார் இருக்கு.”

“நடுவுல பாருங்க.”

“நடுவுலயும் நேராத்தான் இருக்கு.” பாஸ்போர்ட் படத்துக்குக் காத்திருந்த ஒரு பெண்ணிடம் நீட்டினார். “மேடம், ஒரு உதவி. அந்த ஷட்டரு எப்படித் தெரியுது?”

அந்தப் பெண் பார்த்தார். “மூடியிருக்கு.”

“அதில்லைங்க. கோடு வளைஞ்சிருக்கா?”

“இல்லையே. ஏன்?”

நான் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தேன். ஷட்டரை நடுவில் யாரோ எட்டி உதைத்த மாதிரி பள்ளம் விழுந்திருந்தது. “இவ்வளவு வளைஞ்சிருக்கு, நேரா இருக்குன்னு சொல்றீங்களே!” என்று கத்தியேவிட்டேன்.

கடைக்காரருக்கும் கோபம் வந்துவிட்டது. “ஏன் சார், நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சுகிட்டா பொய் சொல்றோம்? அந்தக் கண்ணுக்குப் பிடிக்கலைன்னா இந்தக் கண்ணுல பாருங்க, போங்க.”

குத்தலுக்காகச் சொன்னார். நானும் வீம்புக்காகத்தான் இடது கண்ணில் வைத்தேன். எனக்கு அது பழக்கமே இல்லை. மூக்கு கேமராவின் முதுகில் அழுந்தியது. ஷட்டர் நேராக இருந்தது, ஒவ்வொரு வரியும்.

மறுபடி வலது கண்ணுக்கு மாற்றினேன். பள்ளம்.

கேமராவைக் கீழே இறக்கிவிட்டு இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தினேன். கேமராவே இல்லாமல், வெறும் கண்ணுக்கு, ஷட்டர் நடுவில் உள்வாங்கித் தெரிந்தது.

கடைக்காரர் அதற்குள் அந்தப் பெண்ணின் படத்தை வெட்டத் தொடங்கிவிட்டார். நான் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்று நினைவில்லை. பாதித் தெரு நடந்த பிறகுதான் கேமராவை மேசை மேலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போய் எடுத்துக்கொண்டேன்.

ஏன் இத்தனை நாள் தெரியவில்லை என்று கேட்பீர்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதன் குறையை மூடிவிடுகிறது. உலகம் முழுசாகத்தான் தெரியும். ஒற்றைக் கண்ணால் நான் உலகத்தைப் பார்ப்பது கேமராவில் மட்டும்தான். அதுவும் வலது கண்ணால் மட்டும்.

ஆள் பற்றாக்குறையால் அந்த வாரம் பூராவும் என்னைப் பகல் முறைக்கு மாற்றியிருந்தார்கள். மறுநாள் விடுப்பு எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. சளி பிடித்தாலும் கண் மங்கும், தூக்கமில்லாவிட்டாலும் மங்கும் என்று எனக்கு நானே ஏதேதோ சொல்லிக்கொண்டு ஏணி ஏறினேன்.

முதல் பெட்டியை நெஞ்சு உயரத்துக்கு இறக்கி நிறுத்தினேன். மச்சினன் மூலைக்கு அடியில் கையை விட்டான். அப்போதுதான் இடது கண்ணை மூடிப் பார்க்கத் தோன்றியது. மூடினேன். அவன் போட்டிருந்த மஞ்சள் ஹெல்மெட் காணாமல் போயிற்று. அது இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஊறிக்கொண்டிருந்தது. பெட்டியின் விளிம்பு வளைந்து அதற்குள் போயிருந்தது.

கண்ணைத் திறந்தேன். ஹெல்மெட் வந்துவிட்டது, விளிம்பு நிமிர்ந்துவிட்டது. எல்லாம் சரியாகத் தெரிந்தது. என்னைப் பயமுறுத்தியது அந்தச் சரியான காட்சிதான். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால்தான் உயரம் தெரியும், தூரம் தெரியும். ஒன்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது. பெட்டிக்கும் வண்டிக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரிவது எத்தனை நாளாக வெறும் ஊகம்?

அதற்கு முந்தைய வாரம், நெஞ்சு உயரத்தில் நிற்க வேண்டிய ஒரு பெட்டி பொத்தென்று வண்டியில் உட்கார்ந்தது. மச்சினனின் கையுறை நுனி அடியில் மாட்டிக்கொண்டது. கையை உருவிக்கொண்டான், கையுறை மட்டும் அங்கேயே நசுங்கிக் கிடந்தது. “மாமா, கை குலுக்கணும்னா கீழ இறங்கி வந்து குலுக்குங்க” என்று வாக்கிடாக்கியில் சொல்லிச் சிரித்தான். காற்றில் கயிறு ஆடிவிட்டது என்று நான் சொன்னேன். நானும் அதை நம்பினேன்.

“மாமா, லாக் எடுத்தாச்சு. இறக்குங்க” என்று வாக்கியில் குரல் வந்தது.

“கைய எடுத்துட்டியா?”

“எடுத்துட்டேனே. பாத்துகிட்டுத்தானே இருக்கீங்க?”

“வண்டிய நகத்தச் சொல்லு. நீயும் தள்ளிப் போ. இன்னும் தள்ளி. அந்தக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் போ.”

“என்னாச்சு மாமா?”

“போடா!”

அவனை நான் அப்படி அதட்டியதே இல்லை. வண்டி நகர்ந்தது, அவனும் போனான். பெட்டியை வெறும் தரையில் வைத்தேன். தரை வந்ததே எனக்குத் தெரியவில்லை. இடித்த பிறகுதான் தெரிந்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஏணியில் இரண்டு இடத்தில் நின்று நின்று வந்தேன்.

டிரெய்லர் மறைவில் வைத்து அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சுற்றும் முற்றும் பார்த்தான்.

“யாருகிட்டயெல்லாம் சொன்னீங்க?”

“உன்கிட்டதான்.”

“அப்ப என்கிட்டயே இருக்கட்டும் மாமா. வெளிய சொன்னா உங்கள ஏற விடமாட்டாங்க. இவ்வளவு வருஷம் ஓட்டிட்டு என்ன செய்வீங்க, கேட்ல நின்னு சல்யூட் அடிப்பீங்களா? நான் வாக்கியில சொல்லிகிட்டே இருக்கேன். ஒரு அடி, அரை அடி, ஒரு சாணு. நான் சொல்ற மாதிரி இறக்குங்க. எவனுக்கும் தெரியாது.”

“கீழ நிக்கிறது நீடா.”

“அதத்தான் நானும் சொல்றேன். நிக்கிறது நான். எனக்கே பயமில்ல, உங்களுக்கென்ன?”

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. என் கையின் மேல் அவ்வளவு நம்பிக்கை. ஒரு நிமிஷம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அவன் குரலைக் கேட்டுக்கொண்டே ஓட்டிவிடலாம் என்று தோன்றியது. ஓட்டவும் முடிந்திருக்கும். அதைத்தான் நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

“மாப்ளே, உனக்கு ஒருநாள் காய்ச்சல்னு வச்சுக்கோ. உன் இடத்துல வேற ஒருத்தன் வந்து கைய விடுவான். அவன்கிட்ட என்ன சொல்றது? பாத்து விடுப்பா, மேல இருக்கிறவனுக்குக் கண்ணு சரியில்லன்னா?”

கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான்.

“உனக்காகன்னு சொன்னா நீ கேக்க மாட்ட. அவனுக்காகன்னு நினைச்சுக்கோ” என்றேன்.

“போங்க. போய்ச் சொல்லுங்க” என்று திரும்பிக்கொண்டான்.

கண்ட்ரோல் ரூமில் சோடாபுட்டி இருந்தான். முன்பு எனக்குக் கீழே லாக் கழற்றியவன்தான். நான் சொன்னதைக் கேட்டு அந்தத் தடித்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கண்ணாடி இல்லாத அவன் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

“அண்ணே, எழுதிட்டா எழுதினதுதான். அப்புறம் டாக்டரு கையெழுத்து இல்லாம ஏற முடியாது. வேணும்னா இன்னைக்குத் தலைவலின்னு போட்டுக்கிறேன். போயிக் கண்ணக் காட்டிட்டு வந்து சொல்லுங்க.”

“நீ கீழ நின்னிருந்தா என்ன போடச் சொல்லுவ?”

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினான். நான் சாவியை மேசை மேல் வைத்தேன்.

கண்ணின் நடுவில், பின்பக்கம், நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். சிலருக்குத் தானாக வற்றிவிடும், சிலருக்குத் தழும்பு நின்றுவிடும், பொறுத்துத்தான் பார்க்க வேண்டும். எப்படித் தூங்குவீர்கள் என்று கேட்டார். இரவு முறை, குளம், மீன்கொத்தி எல்லாம் சொன்னேன். அதனால்தான் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் முதலில் ஒழுங்காகத் தூங்குங்கள் என்றார்.

வீட்டில் சொன்னபோது மனைவி லென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“எவ்வளவு நாளா?”

“என்னது?”

“எவ்வளவு நாளா என் தம்பி அப்படிக் கீழ நின்னான்?”

“தெரியல” என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. அவள் அழுதிருந்தால், நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய் மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தாள். அன்றைக்குச் சாப்பிடும்போது டம்ளரை என் கையிலேயே கொடுத்தாள், மேசையில் வைக்கவில்லை.

இப்போது நான் யார்டு ஸ்டோரில் கையுறையும் ஹெல்மெட்டும் எடுத்துக் கொடுக்கிறேன். பகல் வேலை. இரவெல்லாம் தூங்குகிறேன். குளத்துக்கு விடுமுறை நாளில் மட்டும்தான் போகிறேன். இடது கண்ணால் படம் எடுக்கப் பழகுகிறேன், இன்னும் மூக்கு இடிக்கிறது. நான் பத்துப் படம் எடுத்தால் ஒன்று தேறுகிறது. அதை இங்கே போட மனமில்லை.

போன முறை டாக்டர் பார்த்தபோது நீர் குறைந்திருந்தது. நானும் வாரத்துக்கொரு தடவை கேன்டீன் சுவர் முன்னால் நின்று ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்கிறேன். பள்ளம் ஆழம் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. அடுத்த பரிசோதனையில் சரியாகிவிட்டால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், கிரேன் ஏறலாம் என்கிறார்.

மச்சினன் தினமும் ஸ்டோர் ஜன்னலில் வந்து நிற்கிறான். “புது ஆளு பெட்டிய மூட்டை போடுற மாதிரி போடுறான் மாமா. எப்ப ஏறப்போறீங்க? நீங்க ஏறினா நான்தான் கீழ, சொல்லிட்டேன்.” அவன் அக்காவிடம் நான் கேட்டால் “உங்க இஷ்டம்” என்கிறாள். அந்தக் குரலில் என் இஷ்டம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

டாக்டர் கையெழுத்துப் போட்டாலும் ஏறுவேனா என்று எனக்குத் தெரியவில்லை. கண் சரியாகிவிட்டது என்று காகிதம் சொல்லும். ஆனால் சரியில்லாத நாட்களிலும் எல்லாம் சரியாகத்தானே தெரிந்தது? அவன் மூலைக்கு அடியில் கையை விடும்போது, என் கண்ணை நானே எப்படி நம்புவேன்?

உங்களில் யாராவது கண்ணுக்காகவோ காதுக்காகவோ வேறு எதற்காகவோ இப்படி வேலையிலிருந்து இறங்கி, குணமாகி, மறுபடி அதே இடத்துக்குப் போயிருக்கிறீர்களா? முதல் நாள் எப்படி இருந்தது? நம்பிக்கை திரும்ப வந்ததா, இல்லை வந்த மாதிரி நடித்தீர்களா? போகாமலே இருந்துவிட்டவர்களும் சொல்லுங்கள். லென்ஸைப் பற்றி இப்போது எதுவும் வேண்டாம். இதற்கு மட்டும், தெரிந்தவர்கள், தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள். பரிசோதனைக்கு முன்னால் படித்துவிட விரும்புகிறேன்.